வெளிச்சுவரின் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலைகளை மேற்பார்ப்பது என் பிழைப்பு. பெரும்பாலும் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ஓட்டு வீடுகள். எழுபது எண்பதுகளில் எழும்பிய மாடி வீடுகளும் உண்டு. வெளிப்பூச்சைக் கொத்த வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். தொலைபேசியில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

பூச்சுக்கு நாற்பது வயதாகிவிட்டது. எடுத்துவிட வேண்டியதுதானே?

வயதை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். எண்பது வருடத்துச் சுண்ணாம்புப் பூச்சு அசையாமல் நிற்பதையும், எட்டு வருடத்துச் சிமெண்ட் பூச்சு அப்பளம்போல எழும்பி நிற்பதையும் ஒரே தெருவில் பார்த்திருக்கிறேன். பூச்சு சுவரைவிட்டு விலகியிருந்தால் எடுக்க வேண்டும். உப்பரித்து உதிர்ந்தாலும், உள்ளே கம்பி துருவேறிப் பூச்சைத் தள்ளினாலும், சுவருக்கு ஒவ்வாத சாந்தை யாரோ பூசிவைத்திருந்தாலும் எடுக்க வேண்டும்.

மயிரிழை விரிசல், பாசி, நிறம் மங்குதல் எல்லாம் பெயிண்ட் அடிப்பவரின் வேலை. அதற்குக் கொத்தனாரைக் கூப்பிட்டால் அவர் கொத்தத்தான் செய்வார்.

சுவரைவிட்டு விலகியிருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

தட்டிப் பாருங்கள். தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையில்லை. கரண்டியின் கைப்பிடியோ கெட்டியான மரக்கட்டையோ போதும். ஒட்டியிருக்கும் இடம் கெட்டியாக ஒலிக்கும். விட்ட இடம் வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் ஒலிக்கும். தெருச் சத்தம் அடங்கிய காலை நேரத்தில் செய்யுங்கள். விட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள்.

பிறகு பத்தடி பின்னால் வந்து நின்று வட்டங்களைப் பாருங்கள். அவை எந்த வடிவத்தில் விழுந்திருக்கின்றன என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பட்டையாக ஓடினால் நிலத்து ஈரம் ஏறுகிறது. மழைநீர்க் குழாயை ஒட்டி இறங்கினால் குழாய் கசிகிறது. நேர்க்கோடாக மேலிருந்து கீழே வந்தால் அங்கே தூணும் செங்கல் கட்டும் சந்திக்கின்றன. ஒழுங்கில்லாமல் சுவரெங்கும் சிதறிக் கிடந்தால், அன்றைக்குச் சுவரை நனைக்காமல் பூசியிருப்பார்கள் அல்லது நீராற்றாமல், அதாவது பூசியபின் சில நாள் ஈரமாக வைக்காமல், விட்டிருப்பார்கள். இந்தப் படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்கள் இதற்குத்தான் திரும்பி வரும்.

முழுச் சுவரையும் கொத்த வேண்டுமா, விட்ட இடத்தை மட்டும் எடுத்தால் போதுமா?

ஒரு சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டம் விழுந்திருந்தால் அந்தச் சுவரை முழுவதும் எடுத்துவிடச் சொல்வேன். இது என் கைக்கணக்கு. பொறியாளர்கள் வேறு கணக்கு வைத்திருக்கலாம். அதற்குக் குறைவென்றால் விட்ட இடத்தை மட்டும் எடுங்கள். ஆனால் வட்டமாகக் கொத்தாமல், வட்டத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளிச் சதுரமாகக் கோடு போட்டு, கட்டிங் மெஷினால் பூச்சின் கனத்துக்கு மட்டும் அறுத்துவிட்டு உள்ளே கொத்துங்கள். ஓரம் நேராக இருந்தால்தான் புதுச் சாந்து பழைய சாந்தோடு கெட்டியாகச் சேரும். ஓரம் தேய்ந்து மெலிந்திருந்தால் அடுத்த கோடையிலேயே அங்கே கோடு விழும்.

ஒட்டுப்போட்டது வெளியே தெரியாதா என்று கேட்பார்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது தெரியும். அது பிடிக்காதவர்கள் தெருப்பக்கச் சுவரை மட்டும் முழுவதும் எடுக்கலாம். கொல்லைப்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள்?

எங்கள் சுவர் சுண்ணாம்பா, சிமெண்ட்டா? ஒவ்வொரு மேஸ்திரியும் ஒவ்வொன்று சொல்கிறார்.

கண்ணில் படாத ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்குச் செங்கல்வரை கொத்திப் பாருங்கள். முழு வேலையில் மிகவும் மலிவான பகுதி இதுதான். ஆனால் இதைச் செய்யாமலேயே விலை பேசிவிடுகிறார்கள். அந்தச் சின்னக் குழியில் எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் என்ன கனம், செங்கல் என்ன அளவு, செங்கற்களுக்கிடையே உள்ள சாந்து எது என்று நான்கு செய்திகள் கிடைக்கும். பல வீடுகளில் உள்ளே சுண்ணாம்பு, அதன்மேல் ஒரு விரல்கனம் சிமெண்ட் என்று இரண்டும் இருக்கும். இரண்டு மேஸ்திரிகளுமே சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அடையாளம் எளிது. சுண்ணாம்புப் பூச்சு வெள்ளையாகவோ, செங்கல்தூள் கலந்திருந்தால் இளஞ்சிவப்பாகவோ இருக்கும். ஆணியால் கீறினால் பள்ளம் விழுந்து தூள் கொட்டும். உடைத்துப் பார்த்தால் நடுவே பட்டாணி அளவில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தென்படும். சிமெண்ட் சாம்பல் நிறம். நல்ல பூச்சானால் ஆணி வழுக்கிக்கொண்டு போகும். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். காற்றில் கிடந்த பழைய சிமெண்ட்டும் நுரைக்கும் என்பதால் அந்தச் சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

காரைக்குடிப் பக்கம் தாத்தா வீடு. சுவர் கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் மங்கிவிட்டது. எடுத்துவிட்டு, சுவரை மட்டமாக்கும் புட்டி மாவு வைத்துப் பெயிண்ட் அடிக்கலாமா?

கை வைக்காதீர்கள். அது செட்டிநாட்டுப் பூச்சு. சுண்ணாம்பை மாவாக அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் கலந்து, பல அடுக்காகப் பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றியது. இன்றைக்கு அதைப் புதிதாகச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு, கூலியும் அதிகம். மங்கிய பக்கத்தில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிறுத்துங்கள். விட்டுப்போன இடத்தை மட்டும் அந்த வேலை தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

சுண்ணாம்புச் சுவருக்குமேல் சிமெண்ட் பூசினால் இன்னும் உறுதிதானே? அதை ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள்?

என் சொந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தாத்தா கட்டிய சுவர்; சுண்ணாம்புச் சாந்து, சுண்ணாம்புப் பூச்சு. தொண்ணூறுகளில் அப்பா, உறுதியாக இருக்கட்டும் என்று பழையதை எடுத்துவிட்டுத் தெருப்பக்கச் சுவருக்குக் கனமாகச் சிமெண்ட் பூசினார். பல வருடம் கழித்து, ஒரு கார்த்திகை மழை ஓய்ந்த மறுநாள், பாதிக் கதவளவுக்கு ஒரு பாளம் பெயர்ந்து திண்ணைமேல் விழுந்தது. நல்லவேளை, திண்ணையில் யாரும் இல்லை. பாளத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் முழுக்கச் செங்கல்லின் சிவப்புத் தோல், வரிவரியாக, ஒரு வரிசை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எண்ணும்படி ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் மிஞ்சிய செங்கல்லை விரலால் தேய்த்தபோது மாவாக வந்தது.

சுண்ணாம்பு மிருது, சுவர் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். வெயிலிலும் மழையிலும் சுவர் அசைந்தால் அதுவும் சேர்ந்து அசையும். கனமான சிமெண்ட் பூச்சு இரண்டுக்கும் இடம் கொடுக்காது. ஈரம் அதன் முதுகுப்பக்கம் தேங்கி, கூடவே வந்த உப்பு அங்கேயே உறைந்து, செங்கல்லை அரித்துவிடும். வெளியே பார்த்தால் பூச்சு கெட்டியாக இருக்கும். அதற்குப் பின்னால் சுவர் கரைந்துகொண்டிருக்கும். ஆகவே சுண்ணாம்புக் கட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சே சரி. புதுப் பூச்சு பூசும்போது இதை மறந்துவிட்டால், கொத்தியதற்கே அர்த்தமில்லை.

மெஷின் வைத்து எடுத்தால் ஒரே நாளில் முடியும் என்கிறார்கள். கையால் கொத்துவதற்கு ஒரு வாரம் கேட்கிறார்கள்.

சிமெண்ட் சாந்தில் கட்டிய சுவர், அதன்மேல் சிமெண்ட் பூச்சு என்றால் சிறிய பிரேக்கர் மெஷினில் அகலமான உளியைப் பொருத்தி, சுவருக்குச் சாய்வாகப் பிடித்து எடுக்கலாம். நேராகக் குத்தினால் செங்கல்லும் சேர்ந்து உடையும். சுண்ணாம்பு, களிமண் சாந்துச் சுவர்களில் மெஷின் வேண்டவே வேண்டாம். அதன் அதிர்ச்சி செங்கற்களுக்கிடையே உள்ள சாந்தை உலுக்கிவிடும். ஒரே நாளில் பூச்சு மட்டுமல்ல, சுவரும் தளர்ந்துவிடும்.

கை வேலையிலும் முறை இருக்கிறது. சாக்பீஸ் வட்டத்தின் நடுவில் உளியால் ஒரு துளை போட்டு, அங்கிருந்து ஓரத்தை நோக்கிப் பின்பக்கமாக நெம்பினால் தட்டுத்தட்டாகப் பெயரும். பழகிய கை சுத்தியலை ஓங்கி அடிப்பதில்லை; கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே ஆள் பழகியவரா என்று தெரிந்துவிடும்.

வேலையை எந்த வரிசையில் செய்யச் சொல்ல வேண்டும்?

முதலில் மின்கம்பி. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் மின்வாரிய இணைப்பு சுவரைத் தொடும் இடத்தில் சாரம் கட்டுவதற்கு முன்பே மின்வாரியத்தில் சொல்லுங்கள். ஈரச் சுவர், இரும்புச் சாரம், பழைய ஒயர் மூன்றும் சேரக் கூடாது. சன்னல்களுக்குத் தார்ப்பாய் கட்டி, செடிகளையும் கிணற்றையும் மூடிவிட்டு, மேலிருந்து கீழே வர வேண்டும். கீழே ஆரம்பித்தால் மேலே தொங்கும் பாளம் ஆள் தலையில் விழும்.

பூச்சு முழுவதும் இறங்கியதும் செங்கல் இணைப்புகளை அரை அங்குல ஆழம் சுரண்டிவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். புதுச் சாந்து அந்தப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டுதான் சுவரில் நிற்கும். காங்கிரீட் தூண், பீம் தெரியும் இடங்களில் பளபளப்பைக் கொத்திவிட்டு, செங்கல்லோடு சேரும் கோட்டின்மேல் கோழிவலை அடிக்க வேண்டும். முன்பு சொன்னபடி நேர்க்கோடாகப் பூச்சு விட்டுப்போவதற்கு மருந்து இதுதான்.

எந்த மாதத்தில் ஆரம்பிக்கலாம்?

தஞ்சை, சென்னை, கடலோரப் பகுதிகளில் பொங்கல் முடிந்ததும். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. சுவரைத் திறந்து போட்டால் கெட்டது. சித்திரை வெயிலில் கொத்தலாம், பூசுவதுதான் கஷ்டம்: சிமெண்ட் பூச்சை ஏழு நாளாவது ஈரமாக வைக்க வேண்டும். நண்பகலில் தண்ணீர் விட்ட கையோடு காய்ந்துவிடும். கன்னியாகுமரிக்காரர்கள் ஜூன் மழையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. தூசி ஆபத்தா?

ஆபத்துதான். மணலில் உள்ள சிலிக்கா நுண்தூளாகப் பறந்து நுரையீரலுக்குள் போய்த் தங்கும். கொத்துவதற்கு முன் சுவரில் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். வேலையாட்களுக்கு என்95 முகக்கவசமும் கண்ணாடியும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. கட்டிங் மெஷின் ஓடும்போது மட்டுமாவது குழந்தையை வேறு வீட்டில் வைத்திருங்கள்.

இன்னொன்று. திண்ணைச் சுவரின் கீழ்ப்பகுதியிலும் சன்னல் சட்டங்களிலும் பழைய எனாமல் பெயிண்ட் இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட்டில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைச் சாக்கில் கட்டிவிடுங்கள்.

கொத்திய குப்பை எவ்வளவு சேரும்? எங்கே கொட்டுவது?

எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஆயிரம் சதுர அடிச் சுவரில் 20 மில்லிமீட்டர் கனப் பூச்சு என்றால் சுமார் மூன்றரை டன் எடை. உடைந்து குவிந்தால் ஏறக்குறைய 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். குட்டி யானை வண்டிக்கு நான்கைந்து நடை வேண்டும்.

சாலையோரத்திலும் வாய்க்காலிலும் கொட்டக் கூடாது என்று கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளே சொல்கின்றன. நகராட்சியில் கேட்டால் இடம் காட்டுவார்கள். நல்ல சிமெண்ட் பூச்சுக் குப்பையை வீட்டுக்குள்ளேயே தரை உயர்த்த நிரப்பலாம். உப்பரித்த பூச்சை மட்டும் அப்படிப் போடாதீர்கள். உப்பைக் காசு கொடுத்து வீட்டுக்குள் அழைத்த கதையாகிவிடும். விலை பேசும்போது சாரமும் குப்பை அள்ளுவதும் சதுர அடிக் கூலியில் சேர்த்தியா என்பதை எழுதி வாங்குங்கள். சண்டை வருவது எப்போதும் இந்த இரண்டில்தான்.

பழைய பூச்சின் மேலேயே கொத்துப் போட்டு, புதுப் பூச்சு ஏற்றிவிடலாம் என்கிறார் எங்கள் கொத்தனார்.

தட்டிப் பார்த்துச் சுவரெங்கும் கெட்டியாக ஒலித்தால் செய்யலாம். ஆனால் கெட்டியாக இருந்தால் எதற்காகப் பூசுகிறீர்கள்? விட்டுப்போன பூச்சின்மேல் ஏற்றினால், விழுவதற்குக் காத்திருக்கும் பாளத்துக்கு எடை கூடுகிறது, அவ்வளவுதான். புட்டி வைத்து மறைப்பதற்கும் இதே பதில். உப்பரித்த சுவரில் புட்டி ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை.

பூச்சை எடுத்ததும் உள்ளே களிமண் சாந்து இருக்கிறது. கொத்தும்போதே மண் கொட்டுகிறது. என்ன செய்வது?

வேலையை நிறுத்துங்கள். களிமண்ணில் கட்டிய சுவருக்கு வெளிப்பூச்சுதான் குடை. அதை எடுத்துவிட்டு ஒரு மழை அடித்தால் சாந்து கரைந்து செங்கல் உருவிக்கொண்டு வரும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு சுவர், அதிலும் ஐந்தாறு அடி அகலம் மட்டும் திறக்க வேண்டும். இணைப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, பூசி, அது இறுகிய பிறகு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். தார்ப்பாய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மேலே சொன்ன கழுவும் வேலை இங்கே கிடையாது. தென்னந்துடைப்பத்தால் கூட்டிவிட்டு லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

ஓட்டுக்கூரை உத்திரம் உட்காரும் இடத்துக்குக் கீழே செங்கல் தளர்ந்திருந்தால் கொத்தனாரின் சமாதானத்தைக் கேட்காமல் பொறியாளரை அழைத்து வாருங்கள். நான் மேற்பார்க்கும் வேலைகளிலும் அப்படித்தான் செய்கிறேன்.

சன்ஷேடு அடியில் கொத்தினால் பூச்சோடு காங்கிரீட்டும் வருகிறது, துருக்கம்பி தெரிகிறது.

அது பூச்சு வேலையின் எல்லையைத் தாண்டிவிட்டது. கம்பி துருவேறினால் பருத்துவிடும். பருக்கும் வேகத்தில் காங்கிரீட்டை உடைத்துத் தள்ளும். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட்டில் பாரம் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். அடியில் தெரிவதைப் பார்த்து மேலே உள்ளதன் கதியை முடிவு செய்ய முடியாது. அதன்மேல் ஆள் ஏறி நிற்பதையும் மெஷின் வைப்பதையும் உடனே நிறுத்தி, கீழே முட்டுக் கொடுங்கள். துருவைத் தேய்த்து எடுப்பதா, கம்பி சேர்ப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகப் போடுவதா என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். சிமெண்ட் குழைத்து அப்பி மூடுவது மட்டும் வேண்டாம்.

பூச்சை எடுத்துவிட்டுச் செங்கல் தெரியும்படியே விட்டுவிட்டால் என்ன? கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப்போல அழகாக இருக்குமே.

எனக்கும் ஆசைதான். ஆனால் திருவனந்தபுரத்தில் பேக்கர் கட்டியவையும், 1892-இல் கட்டி முடித்த சென்னை உயர் நீதிமன்றமும் வெளியே தெரிவதற்காகவே செங்கல் அடுக்கியவை. உங்கள் சுவரைக் கட்டியவருக்கு அதன்மேல் பூச்சு வரும் என்று தெரியும். வேகாத கல், உடைந்த கல், கோணல் வரிசை எல்லாவற்றையும் உள்ளே ஒளித்திருப்பார். உள்ளங்கைக் குழியில் அழகாகத் தெரிந்ததை நம்பி முழுச் சுவரையும் திறந்து, பிறகு தலையில் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசை விடவில்லையென்றால் மழைச்சாரல் படாத தாழ்வாரச் சுவரில் செய்து பாருங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் முழுவதும் கொத்தி, புதுப் பூச்சு பூசினோம். அதே இடத்தில் மறுபடி உப்புப் பூக்கிறது. கொத்தனார் ஏமாற்றிவிட்டாரா?

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. சாக்பீஸ் வட்டங்கள் தரையை ஒட்டிப் பட்டையாக ஓடியிருந்தால் நோய் நிலத்தில் இருக்கிறது. நீங்கள் தோலை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். தெரு ஏறிக்கொண்டே போய் வீட்டுத் தரை பள்ளமானது, சுவரோரம் சிமெண்ட் தளம் போட்டு மண்ணின் ஈரத்துக்கு வழி இல்லாமல் செய்தது, குளியலறைத் தண்ணீர் அங்கேயே தேங்குவது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உப்பான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சாந்து குழைத்து, அதையே ஏழு நாளும் அடித்திருந்தால் உப்பை நீங்களே ஊட்டியிருக்கிறீர்கள்.

இந்த முறை மூன்றடி உயரத்துக்கு மட்டும், உப்புத் தெரியும் எல்லைக்கு மேலும் ஓரடி சேர்த்துக் கொத்துங்கள். சுவரோரத் தளத்தை உடைத்து, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். திறந்த சுவரை உடனே பூசாமல் ஒரு கோடை முழுவதும் காயவிடுங்கள். வெள்ளையாகப் பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் கரைந்து உள்ளேயே திரும்பிவிடும். பூப்பது நின்ற பிறகு, நல்ல தண்ணீரில் குழைத்த சாந்தால் பூசுங்கள். சுண்ணாம்புக் கட்டு என்றால் சுண்ணாம்புதான். அதுவரை சுவர் பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். வீட்டில் கல்யாணம் வைத்திருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நான் மார்கழிக்குப் பிறகு வருகிறேன்.